போடிங்

"மகன் எங்க?" என்று ஊரில் யாரும் கேட்டால், "அவன் போடிங்கில நிக்கிறான்" என்பார் அம்மா. மூதூரிலிருந்து லோஞ்சில் கொட்டியாரக் குடாவைக் கடந்து திருகோணமலைக்குப் படிக்க வந்த எங்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. றங்குப் பெட்டி, சுருட்டிய பாய், அடியில் பெயின்டால் இலக்கம் எழுதிய எனாமல் கோப்பை. இந்த மூன்றும் இருந்தால் போடிங், அதாவது ஆங்கிலத்தின் 'போர்டிங்', மாணவர் தங்கிப் படிக்கும் இடம்.

சொல் வந்த வழி வேடிக்கையானது. ஆங்கிலத்தில் 'போர்ட்' என்றால் பலகை. பழைய ஆங்கிலத்திலேயே அது சாப்பாட்டு மேசையையும் குறித்தது. பிறகு மேசையில் வைக்கும் சாப்பாட்டுக்குப் பெயரானது. காசு கொடுத்து இன்னொருவர் மேசையில் சாப்பிடுகிறவர் 'போர்டர்'. ஆக, சொல்லின் அடியில் இருப்பது சோறுதான், படுக்கை அல்ல. எங்களுக்கும் அப்படித்தான். நீளமான ஒரு பலகை மேசை, இரண்டு பக்கமும் வாங்கு. மேசையின் நடுவில் ஒரு வெடிப்பு. பருப்பு அதற்குள் ஒழுகிவிடும். கீழே குனிந்து பார்த்தால் எறும்பு வரிசை கட்டி நிற்கும். பிட்டு நாளில் பிந்தி வந்தவனுக்குச் சொதி மட்டும்தான் மிச்சம்.

இலங்கையில் இந்தச் சொல் இன்னும் அகன்றுவிட்டது. கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் கடையில் சாப்பிடுகிறவரும் 'போடிங்'கில்தான் இருக்கிறார். சிங்களத்திலும் 'போடிம'. சோறு கழன்றுபோய் அறை மட்டும் மிஞ்சியிருக்கிறது!

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'விடுதி' இருக்கிறது, நல்ல சொல். 'விடு' என்ற வினையிலிருந்து வருவது. வழியில் இறங்கித் தங்கும் இடம். 'வீடு' என்பதும் அதே வினையின் முதலெழுத்து நீண்டு பிறந்ததுதான். பள்ளிக்கூட விடுமுறையை நம் பக்கத்தில் 'விடுதலை' என்கிறோமே, அதுவும் அந்தக் குடும்பம். விடுதியில் இருந்துகொண்டு விடுதலைக்கு நாள் எண்ணி வீட்டுக்குப் போவது: மூன்றுக்கும் ஒரே வேர்.

இராமகிருஷ்ண மிஷன் வழியில் 'மாணவர் இல்லம்' என்றும் ஒரு பெயர் உண்டு. அந்த மிஷனின் துறவியாகவும் திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராகவும் இருந்த விபுலாநந்த அடிகள், 1936இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். சொல் விஷயத்தில் அந்த வட்டாரம் கவனமானது. ஆனால் 'இல்லம்' என்றதும் நம் பிள்ளைகளுக்கு இல்ல விளையாட்டுப் போட்டிதான் ஞாபகம் வரும். தமிழ்நாட்டில் 'உண்டு உறைவிடப் பள்ளி' என்கிறார்கள். சோறு, படுக்கை இரண்டும் அதில் அடங்கிவிட்டன, வாயில்தான் அடங்காது. தங்குமிடத்துக்கு 'மாணவர் விடுதி', பள்ளிக்கு 'உறைவிடப் பள்ளி' என்பது என் கணக்கு.

இதில் இன்னொரு விஷயம். 'பள்ளி' என்ற சொல்லே முதலில் படுக்குமிடம்தான். பள்ளியறை, பள்ளிகொண்ட பெருமாள் எல்லாம் அந்தப் பொருளில் வருபவை. அப்புறம் சமண, பௌத்தத் துறவிகள் தங்கும் இடத்துக்கு அது பெயராகி, அவர்கள் அங்கே பாடம் சொல்லிக் கொடுத்ததால் கல்விக்கூடத்துக்கும் ஆகிவந்தது. சாட்சிக்குத் தூரம் போகவேண்டாம். திருகோணமலைக்கு வடமேற்கே, பெரியகுளத்துப் பக்கம் இருக்கும் வெல்கம் விகாரையைச் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் 'இராஜராஜப் பெரும்பள்ளி' என்கின்றன. அங்கே பள்ளி என்றால் பௌத்த விகாரை. ஆக, தங்கிப் படிப்பதுதான் பழைய பள்ளி. காலையில் போய்ப் பின்னேரம் திரும்புவது பிற்பாடு வந்த ஏற்பாடு.

காலை ஐந்து மணிக்குத் தண்டவாளத் துண்டைத் தட்டி எங்களை எழுப்பும் விடுதிப் பொறுப்பாளருக்கு நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயர் 'திருப்பள்ளியெழுச்சி'. சொல்லாராய்ச்சி செய்து வைத்த பெயரல்ல. மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி கேட்டு வந்தது.