அந்த 24 சதவீதம் மதிப்பெண் அல்ல

காரைக்குடியில் பிளஸ் ஒன் சேர்க்கை தொடங்கிவிட்டால் போதும், ஆலோசனைக்கு வருகிறவர்கள் கையில் ஒரு பிரிண்ட் அவுட் இருக்கும். ஆளுமை வகையைக் குறிக்கும் நாலு எழுத்து, அதன் கீழே வண்ணப் பட்டைகள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆளுமைச் சோதனையின் முடிவு. சமீபத்தில் வந்த ஓர் அம்மா, மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார்: "இவனுக்குச் சிந்தனை 24 சதவீதம்தான் சார். காமர்ஸ் எடுத்து ஆடிட்டர் ஆகணும்ங்கிறான், இவனுக்கு எப்படி வரும்?" பையன் நிமிரவே இல்லை. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இப்படி எத்தனை பிள்ளைகளைத்தான் பார்ப்பது?

அந்த 24 மதிப்பெண் அல்ல. தயவுசெய்து இதை மட்டுமாவது புரிந்துகொள்ளுங்கள். அந்தச் சோதனை கேட்பது இந்த மாதிரிக் கேள்விகளைத்தான்: முடிவெடுக்கும்போது நியாயத்தை முதலில் பார்ப்பீர்களா, மனிதர்கள் மனசு நோகுமா என்று முதலில் பார்ப்பீர்களா? பையன் முக்கால்வாசி இடங்களில் மனசு பக்கம் சாய்ந்தான். அதனால் உணர்வு 76, சிந்தனை 24. இரண்டும் சேர்ந்து எப்போதும் நூறுதான். ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கியே ஆகவேண்டும். தமிழில் 76 வாங்கினான், ஆகவே கணக்கில் 24தான் போடுவோம் என்று எந்தப் பள்ளியாவது மார்க் ஷீட் கொடுக்குமா? எந்தப் பக்கம் சாய்கிறான் என்பதைத்தான் பட்டை காட்டுகிறது. அவனால் எவ்வளவு முடியும் என்பதை அது அளக்கவே இல்லை. ஒரு கணக்குக்கூடக் கொடுக்காத சோதனை, கணக்கு வராது என்று எப்படிச் சொல்லும்?

அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பையனிடம் பேசினேன். அப்பத்தா கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் செய்து கொடுக்கிறார். ஆர்டர் நோட்டு இவன் பொறுப்பு. மணகோலத்துக்கும் அதிரசத்துக்கும் எண்ணெய் எவ்வளவு இழுக்கும், எண்ணெய் விலை ஏறினால் கிலோவுக்கு எவ்வளவு கூட்டவேண்டும் என்று பேப்பர் இல்லாமலே சொன்னான். "ஆனா பழைய வாடிக்கைக்காரங்களுக்கு ஒரேயடியா ஏத்த மாட்டேன் சார், சங்கடப்படுவாங்க" என்றான். சிந்தனையும் உணர்வும் ஒரே முடிவுக்குள் எவ்வளவு அழகாகச் சேர்ந்து வேலை செய்கின்றன, பாருங்கள்.

இந்த வகைப்பாட்டுக்கு அடிப்படை, சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட நூல். சிந்தனை, உணர்வு, புலனறிவு, உள்ளுணர்வு என்று மனத்துக்கு நாலு செயல்பாடுகளைச் சொன்னார். ஒருவர் ஒன்றையே அதிகம் கையாளும்போது அதற்கு எதிரானது பழக்கமில்லாமல் பின்தங்கும். சிந்தனை முன்னால் நின்றால் உணர்வு பின்தங்கும். உள்ளுணர்வு முன்னால் நின்றால் புலனறிவு. பின்தங்கியதையும் வளர்க்கலாம் என்றுதான் யுங் கருதினார். உணர்வையும் அவர் சிந்தனைபோலவே சீர்தூக்கிப் பார்க்கும் செயல்பாடாகத்தான் வைத்தார். உணர்வு அதிகமென்றால் புத்தி குறைவு என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

பிறகு அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸும் மகள் இசபெல் மயர்ஸும் இதை வைத்துக் கேள்வித்தாள் உருவாக்கினார்கள். நாலு எழுத்தால் குறிக்கப்படும் பதினாறு வகைகள் அங்கிருந்து வந்தவை. பெரும்பாலான மக்கள் நடுவில்தான் இருக்கிறார்கள். நடுவில் கோடு போட்டு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரித்தால், சில வாரம் கழித்துத் திரும்ப எழுதும்போது பலருக்கு எழுத்து மாறிவிடுகிறது. ஆய்வில் எங்கள் உளவியல் துறை பெரும்பாலும் ஐந்து பண்புகளைக் கூடுதல் குறைவாக அளக்கும் முறையைத்தான் நம்புகிறது. அதைக்கூட யாரோடு ஒப்பிட்டு அளந்தார்கள் என்று பார்க்கவேண்டும். கல்யாணம் என்றால் வளவு (வீட்டு உள்முற்றம்) நிறைய உறவுக்காரர்கள் படுத்துறங்கும் வீட்டில் வளர்ந்த பெண்ணிடம் "கூட்டம் பிடிக்குமா?" என்று கேட்டால், அவள் மனதில் வரும் கூட்டமே வேறு.

சரி, இனி செய்யவேண்டியவை. குரூப் எடுக்க இந்த எழுத்துகளைப் பார்க்காதீர்கள். பிள்ளையின் ஆர்வத்தையும், அவன் உண்மையில் செய்துகாட்டும் வேலையையும் பாருங்கள். ஜாதகத்தோடு இதையும் சேர்த்துப் பொருத்தம் பார்க்கும் பழக்கம் தேவகோட்டைப் பக்கம் தலைகாட்டியிருக்கிறது. வேண்டவே வேண்டாம். கடைக்கு ஆள் எடுக்கவும் வேண்டாம். அந்தக் கேள்வித்தாளை வெளியிடுகிறவர்களே ஆள் தேர்வுக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறார்கள். பிள்ளையின் காதுபட "உனக்கு இது வராது" என்று சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். கலகலப்பாக இருந்த பிள்ளை திடீரென்று அறையை விட்டு வராமல், சாப்பாடும் தூக்கமும் குறைந்து, நண்பர்களை ஒதுக்கினால் "அவன் அகமுகி, தனிமை விரும்பும் வகை" என்று விட்டுவிடாதீர்கள். அது வகை அல்ல, மாற்றம். இரண்டு வாரம் நீடித்தால் மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ அழைத்துப் போங்கள். சாக வேண்டும் என்கிற மாதிரி ஏதாவது பேசினால் ஒருநாள்கூடக் காத்திருக்காதீர்கள், தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.