குதிகாலுக்கு ஓய்வு என்றால் ஏணிக்கும் ஓய்வு

கொடைக்கானலில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைப் பாதைகள் வழுக்க ஆரம்பித்ததும், நெடுந்தூரம் நடக்கிறவர்கள் வீட்டோடு இருப்பார்கள். சும்மா உட்கார அவர்களால் முடியாது. ஒழுகும் கூரை, உரிந்த பெயின்ட், சொட்டும் குழாய் என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் படும்.

போன மழைக்காலத்தில் அப்படி ஒருவர் வந்தார். வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்குவது அவருக்குப் பழகிய பாதை. ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகாலில் ஊசி குத்துவதுபோல் வலி என்றார். ஆறு வாரம் நெடுந்தூர நடை வேண்டாம் என்று சொல்லி, சில பயிற்சிகள் கொடுத்து அனுப்பினேன். மூன்றாவது வாரமே திரும்பி வந்தார். வலி கூடியிருந்தது. போதாததற்கு வலது தோளையும் தூக்க முடியவில்லை.

"வாசலைத் தாண்டலை மேடம்" என்றார். கூட வந்த அவர் மனைவி, "நடக்கலைதான் மேடம், மூணு வாரமா ஏணியிலேதான் குடியிருந்தார்" என்றார்.

தகரக் கூரையைப் பிடித்து வைக்கும் கொக்கி போல்ட்டுகளை (ஜே-போல்ட்) மாற்றியிருக்கிறார். அப்புறம் முன்னறைக்கு மேற்கூரை வரை பெயின்ட். எல்லாம் ரப்பர் செருப்போடு.

குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஒரு தடித்த சவ்வு ஓடுகிறது. பாதத்தின் வளைவை வில்லின் நாண்போல் இழுத்துப் பிடிப்பது அதுதான். தரையில் நிற்கும்போது உடல் எடை குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் பிரிந்து போகிறது. ஏணிப் படியிலோ மொத்த எடையும் அந்த வளைவின் நடுவில், இரண்டு விரல் அகலத்தில் இறங்குகிறது. குதிகால் அந்தரத்தில் தொங்குகிறது. புண்பட்ட சவ்வை மணிக்கணக்கில் இழுத்து வைப்பதற்கு இதைவிட வேறு வழி வேண்டாம். பத்து கிலோமீட்டர் நடந்திருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலி வந்திருக்குமா என்பது சந்தேகம்.

தோள் கதை வேறு. மலை ஏறி இறங்கும் உடம்புக்கு மூச்சும் தொடையும் பலமாக இருக்கும். அந்த நம்பிக்கையில் கையைத் தலைக்கு மேல் தூக்கி நாள் முழுக்கப் பெயின்ட் அடித்தால், பழக்கமில்லாத தசைநாண்கள் வீங்கிக்கொள்ளும். நடையால் வந்த பலம் தோளுக்குப் போய்ச் சேர்வதில்லை.

சரி, வேலை செய்யவே கூடாதா? செய்யலாம். மேற்கூரைக்கு நீளக் கம்பு மாட்டிய ரோலர் வாங்குங்கள். ஏணிக்குப் பதில் தாழ்வான சாரம் கட்டி, அகலப் பலகையில் நில்லுங்கள். கெட்டியான அடிப்பாகம் உள்ள ஷூ போடுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்குங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் குழாய் வேலைக்குக் குத்தவைத்து உட்காராமல், ஒரு சின்ன முக்காலியைப் போட்டுக்கொள்ளலாம்.

ஏணி தவிர்க்கவே முடியாது என்றால், நான்கடி உயரத்துக்கு ஒரு அடி வீதம் அடிப்பக்கத்தைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். நம் ஊர் வீடுகள் சரிவில் இருப்பதால், தாழ்ந்த பக்கக் காலுக்கு அடியில் கல்லை வைத்து முட்டுக் கொடுப்பதுதான் வழக்கம். மழை ஊறிய மண்ணில் அந்தக் கல் நகரும். உயர்ந்த பக்கக் காலுக்குக் கீழே மண்ணைத் தோண்டிச் சமப்படுத்துங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் எக்காரணம் கொண்டும் ஏறாதீர்கள். நனைந்த பழைய ஷீட் ஆள் எடையைத் தாங்காது.

இன்னொன்று, என் துறை இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குளிருக்காகவோ பெயின்ட் சீக்கிரம் காயவோ ஜன்னலை அடைத்துவிட்டு அறைக்குள் கரி நெருப்பு வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

உட்கார்ந்து செய்யும் வேலைகளும் இருக்கின்றன. மலையேறும் பூட்ஸை எடுத்துப் பாருங்கள். பாலியூரித்தேன் என்கிற நுரை பிளாஸ்டிக்கால் ஆன அடிப்பாகம் ஈரக்காற்றில் உள்ளுக்குள்ளேயே சிதைந்து, நன்றாக இருப்பதுபோல் தெரிந்து, பாதி வழியில் பொடிந்து கழன்றுவிடும். வருடக்கணக்கில் அலமாரியில் அடைத்து வைத்ததை விரலால் அழுத்தி, வளைத்துப் பார்த்தாலே தெரியும். விரிசல் இருந்தால் இப்போதே மாற்றுங்கள்.

அவருக்குப் பயிற்சிகளை முதலிலிருந்து தொடங்கினோம். கூரையின் மீதி வேலையை ஒரு கொத்தனார் முடித்துக் கொடுத்தார். தை மாதம் ஏரியைச் சுற்றி ஒரு நடை, சமதரையில் சுமார் ஐந்து கிலோமீட்டர். மறுநாள் காலை கட்டிலருகில் நின்றபடியே போன் செய்து, முதல் அடி வைத்துவிட்டதாகவும் வலிக்கவில்லை என்றும் சொன்னார். ஒருநாள் விட்டு ஒருநாள் அதே ஏரிச் சுற்று போதும், இரண்டு வாரம் கழித்து இறக்கத்தைப் பற்றிப் பேசலாம் என்றேன்.