கோல்ட் பாக்ஸைத் திறக்கும் முன்: பெர்லைட் பற்றி ஓர் எச்சரிக்கை

பெர்லைட் என்பது பொரித்த எரிமலைக் கண்ணாடித் துகள். அது எரியாது, நாறாது, அமிலமோ காரமோ அல்ல. பாதுகாப்புத் தரவுத் தாளில் அதைப் பற்றி இருப்பதெல்லாம், தூசியாகப் பறந்து கண்ணையும் தொண்டையையும் உறுத்தும் என்பதுதான். படிக சிலிக்கா மிகக் குறைவு என்பதால் மணல் வீச்சுத் தொழிலில் உள்ள நுரையீரல் அச்சம்கூட இதில் அவ்வளவு இல்லை. இந்த நல்ல பெயர்தான், காற்றிலிருந்து ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் பிரிக்கும் எங்கள் துறையில் ஆட்களை அசட்டையாக்குகிறது.

எரிமலைக் குழம்பு படிகமாக நேரமின்றி உறைந்தால் கண்ணாடியாகிறது. ஆப்சிடியன் என்ற கருங்கண்ணாடியில் நீர் பொதுவாக ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதே கண்ணாடி நெடுங்காலம் நீரை உள்வாங்கி, 2 முதல் 5 சதவீதம் வரை பிடித்துவைத்துக்கொண்டால் அது பெர்லைட். கிரீஸின் மிலோஸ் தீவிலும் துருக்கியிலும் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவிலும் இதற்குப் பெரிய சுரங்கங்கள் உண்டு. நொறுக்கிய கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கண்ணாடி இளகும், உள்ளிருக்கும் நீர் ஆவியாகும், ஒவ்வொரு துகளும் நெல்லுப் பொரி போல 4 முதல் 20 மடங்கு பருக்கும். பொரிந்ததை லாரியில் ஏற்றினால் காற்றுக்குத்தான் வாடகை கொடுக்க வேண்டும். அதனால் பெரிய ஆலைகளில் உலையையே தளத்துக்குக் கொண்டுவந்து பொரித்து நிரப்புவார்கள்.

பழச்சாறு, பீர், சமையல் எண்ணெய் வடிகட்ட, எடை குறைந்த பூச்சுக் கலவைக்கு, நாற்றங்கால் தட்டுகளுக்கு என்று இதன் பயன்கள் பல. அங்கெல்லாம் முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்தால் பெரும்பாலும் போதும். காற்றைக் குளிர்வித்து ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் பிரிக்கும் ஆலைகளில் கதை வேறு. அங்கே பிரிப்புக் கோபுரங்களையும் குழாய்களையும் ஓர் உயரமான எஃகுக் கூடு மூடியிருக்கும். அதுதான் கோல்ட் பாக்ஸ். அதன் இண்டு இடுக்கெல்லாம், உள்ளிருக்கும் குளிரைக் காக்கப் பெர்லைட். வெளியிலிருந்து ஈரக் காற்று நுழைந்து உறையாதிருக்க, உலர் நைட்ரஜன் எப்போதும் லேசான அழுத்தத்தில் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

மேலிருந்து மேன்ஹோலைத் திறந்து பார்த்தால் சமதளமாக, காலை வைக்கலாம் போலத் தெரியும். வைக்கக் கூடாது. ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 50 கிலோ எடையுள்ள பொருள் மனிதனைத் தாங்காது. தண்ணீரில்கூட நீந்தலாம், இதில் அதுவும் முடியாது. மூழ்குமுன்பே நைட்ரஜன் வேலையைக் காட்டிவிடும். ஓரிரு மூச்சில் நினைவு தப்பும். மேன்ஹோல் வாயில் ஆக்சிஜன் மீட்டர் சாதாரணக் காற்றைப் போல 20.9 சதவீதம் காட்டுகிறதே என்று வாதிடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மீட்டர் சொல்வது அது இருக்கும் இடத்தின் கதையை மட்டுமே. துகள்களுக்கு இடையில் நைட்ரஜன் தங்கியிருக்கும், கிளறினால் வெளிவரும். விழுந்தவரைத் தூக்க மூச்சுக் கருவியில்லாமல் குதிப்பவர் இரண்டாவது பலியாவார்.

இதைவிட நான் அஞ்சுவது உள்கசிவை. குழாயில் ஊசித்துளை விழுந்தால், பீறிடும் வாயு பெர்லைட்டைச் சுழற்றிப் பக்கத்து அலுமினியக் குழாயையும் அரிக்கும். திரவம் கசிந்தால் பெர்லைட்டுக்குள் கட்டிகளாகத் தேங்கும். ஆலையை நிறுத்தி, எல்லாம் வடிந்துவிட்டது என்று நினைத்தபின், அந்தக் கட்டி சரிந்து வெப்பமான பகுதியில் விழுந்தால் திரவ நைட்ரஜன் ஏறக்குறைய 700 மடங்கு விரியும். கூடு கிழிந்து, பெர்லைட் மலை போலப் பீறிட்டு வெளியேறிய விபத்துகள் உலகில் நடந்திருக்கின்றன. அந்த வெண்மேகத்துக்குள் வழியும் தெரியாது, மூச்சும் விட முடியாது. கசிந்தது ஆக்சிஜன் என்றால், எண்ணெய் படிந்த சட்டையே எரிபொருளாகிவிடும்.

கூடு முன்கூட்டியே அறிகுறி காட்டும். வெளிச்சுவரில் திட்டாக உறைபனி, கூட்டின் அழுத்தத்தில் மாற்றம், வெளியேறும் நைட்ரஜனில் ஆக்சிஜன் கூடுதல். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பெர்லைட்டை இறக்கும் அனுமதிச் சீட்டில் கையெழுத்திட நான் சம்மதிப்பதில்லை. முழுதாக வெப்பமேற்றி, பல உயரங்களில் வெப்பநிலையைச் சரிபார்த்த பிறகே கீழ் வாயில் திறக்கலாம். உற்பத்தி நிற்கிறதே என்று அழுத்தம் வரும். வரட்டும்.

மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் ஒரு சொல். உங்கள் வளாகத்தின் திரவ ஆக்சிஜன் தொட்டி இரட்டைச் சுவர் கொண்டது; இடையில் பெரும்பாலும் பெர்லைட்டும் வெற்றிடமும். அந்தத் திரவத்தை வாயுவாக்கும் ஆவியாக்கியின் இறக்கைகளில் பனி படிவது இயல்பு. தொட்டியின் வெளிச்சுவரிலேயே நீங்காமல் பனி படிந்தால் வெற்றிடம் கெட்டிருக்கலாம். அருகில் யாரையும் நிற்கவிடாமல் தொட்டியைப் பராமரிக்கும் நிறுவனத்தை அன்றே அழையுங்கள்.