இழுத்தால் நூலாகும் திரவம்

தருமபுரியில் பாலிமர் (சங்கிலிபோல நீண்ட மூலக்கூறு) வேதியியல் நடத்தும் எனக்கு, முதல் வகுப்பில் புத்தகத்தைவிடப் பட்டுக்கூடுதான் அதிகம் கைகொடுக்கிறது. ஊரிலேயே அரசு பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது. வகுப்பில் எப்படியும் இரண்டு மூன்று பேர் வீட்டில் புழு வளர்ப்பார்கள்.

ஒரு கூட்டை பீக்கரில் போட்டுக் கொதிக்கவிடுவேன். கொஞ்ச நேரத்தில் அது ஊறித் தளர்ந்து, மேலே பிசிறு எழும். கண்ணாடிக் குச்சியால் சுற்றி இழுத்தால் முதலில் கொத்தாக வரும். அதை விலக்கிக்கொண்டே போனால் ஒற்றை இழை பிடிபடும். அறுந்துபோகாமல் பிரித்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளம்!

வெந்நீரில் இளகியது செரிசின் என்னும் பசை. இழையாக நிற்பது ஃபைப்ராயின். இரண்டுமே புரதம்தான், இரண்டிலும் அமினோ அமிலங்களைக் கோப்பது அமைடு பிணைப்புதான். அப்புறம் ஏன் இந்த வேற்றுமை? செரிசினில் செரின் அதிகம். அதன் ஹைட்ராக்சில் தொகுதி தண்ணீரோடு சட்டென்று ஒட்டிக்கொள்ளும். ஃபைப்ராயினில் பெரும்பாலும் கிளைசினும் அலனினும் மாறி மாறி வருகின்றன. இரண்டும் சிறியவை என்பதால் அமினோ அமிலச் சங்கிலிகள் பாய் அடுக்கியதுபோல நெருங்கிப் படிந்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகிவிடும். தண்ணீர் நுழைய இடமில்லை.

1935இல் டுபாண்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேதியியலாளர் கரோதர்ஸ் குழு உருவாக்கிய நைலான் 6,6 என்ற செயற்கை இழையிலும் இதே அமைடு பிணைப்புதான். ஆனால் பிணைப்புகளுக்கு நடுவே நீளமான கார்பன் தொடர் இருப்பதால் சங்கிலி வளைந்து கொடுக்கும். பட்டு, நைலான் இரண்டையும் தீயில் காட்டச் சொல்வேன். நைலான் உருகி உருண்டையாகும். பட்டு உருகாது, முடி கருகும் நாற்றத்தோடு பொடியாகும். முடியும் புரதம்தான் என்பதால், இந்த நாற்றத்தை முகர்ந்த பிள்ளைகள் பட்டு ஒரு புரதம் என்பதை மறப்பதே இல்லை.

ஒருமுறை ஒரு மாணவி கேட்டார்: "புழுவுக்குள்ள கூழா இருக்கிறது வெளிய வந்ததும் காஞ்சு நூலாயிடுதா மேடம்?"

அருமையான கேள்வி. வெறுமனே காய்வதால் அது நூலாவதில்லை, இழுபடுவதால் ஆகிறது. சுரப்பியில் ஃபைப்ராயின் தண்ணீரோடு கலந்த கெட்டித் திரவம். பழுத்த புழு, அதாவது கூடு கட்டத் தயாரான புழு, இழையின் நுனியைச் சந்திரிகையில் (கூடு கட்டுவதற்காகப் புழுக்களை விடும் தட்டு) ஒட்டிவிட்டுத் தலையை எட்டு போல ஆட்டும். அந்த இழுப்பில் சங்கிலிகள் ஒரே திசையில் நீண்டு, பக்கத்துச் சங்கிலியைப் பற்றிக்கொண்டு, தண்ணீரை வெளியே தள்ளிவிடும். முன்பு தூண்டில் நரம்பு செய்தவர்கள் புழுவை வினிகரில் ஊறவைத்து, சுரப்பியைக் கையால் இழுத்தே உறுதியான நரம்பு எடுத்தார்கள். ஒருமுறை நூலாகிவிட்டால் வெறும் தண்ணீரில் திரும்பக் கரையாது. ஆய்வகத்தில் அடர்ந்த லித்தியம் புரோமைடு கரைசலில் போட்டுச் சூடாக்கித்தான் கரைக்கிறோம்.

அடுத்த வாரம் அந்த மாணவி, வீட்டுச் சந்திரிகையில் புழு தலையாட்டுவதை போனில் படம் பிடித்து வந்தார். இழைகளின் திசையமைவு பற்றிய பாடத்தை அதைப் போட்டுக் காட்டித்தான் தொடங்கினேன்.