படுகை என்றால் எந்தப் படுகை?

போன வாரம் திருவாரூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளிக்குப் பார்வைக்குப் போயிருந்தேன். ஐந்தாம் வகுப்பில் காவிரி பற்றிய வீடியோ அப்போதுதான் ஓடி முடிந்திருந்தது. பிள்ளைகள் தலைக்காவிரியில் தொடங்கிப் பூம்புகார் வரை மூச்சுவிடாமல் ஒப்பித்தார்கள். காவிரிப் படுகையின் பரப்பு? "81,155 சதுர கிலோமீட்டர்!" ஒரே குரல். சரி, படுகைன்னா என்னம்மா என்று முன்வரிசைப் பெண்ணைக் கேட்டேன்.

"ஆத்தோரம் எங்க மாமா வாழை போட்டிருக்காங்களே, அதான் டீச்சர். ரெண்டு மா இருக்கும்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. நம் பக்கம் கரைக்கும் ஆற்றுக்கும் நடுவில் கிடக்கும் நிலம் படுகைதான். பாடம் சொல்கிற படுகை வேறு: எங்கெங்கே விழும் மழை வடிந்து காவிரிக்கு வருகிறதோ, அத்தனை நிலமும். குடகு மலையும் அதில் சேர்த்தி. ஒரு ஏக்கர்கூட வராத ரெண்டு மா எங்கே, 81,155 சதுர கிலோமீட்டர் எங்கே! அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. வர விடாமல் வீடியோ ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

பள்ளிகளுக்குப் போய் ஆசிரியர்களுக்குத் துணைநிற்கும் வட்டார வள மையத்தில் இருக்கிறவள் என்பதால் இதை மாதத்துக்கு நாலு தடவையாவது பார்க்கிறேன். ஆசிரியர்களைக் கேட்டால் ஒரே பதில்: "பிள்ளைக்குத் தமிழ் நல்லா வாசிக்க வருது டீச்சர், மத்ததை வீடியோ பாத்துக்கும்." பார்த்துக்கொள்ளாது. எழுத்துக்கூட்டி வாசிப்பது வேறு, அறிவியலை வாசிப்பது வேறு. வாசலைப் பெருக்கு, ஆடிப்பெருக்கு, ஏழை எட்டால் பெருக்கு என்று ஒரே சொல் மூன்று இடத்தில் மூன்று வேலை செய்கிறது. ஆவி இட்லிக் கொப்பரையிலும் வருகிறது, புளியமரத்திலும் இருக்கிறது, நீர்ச் சுழற்சிப் பாடத்திலும் மேலே போகிறது. எந்த ஆவி என்று யார் சொல்லிக்கொடுப்பது? வரைபடத்தின் அளவுகோல், அட்டவணை, அம்புக்குறி இதெல்லாமும் வாசிப்புதான். 2022-இல் வந்த அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் சின்ன வகுப்புப் பிள்ளைகள் வாசிக்கவும் கணக்குப் போடவும் அடித்தளம். அதற்கு மேலே கட்டும் வேலை நம்முடையது.

(ஆய்வு நாளில் மட்டும் உறை கழற்றப்படும் ஸ்மார்ட் போர்டு தனிக் கதை. இன்னொரு நாள்.)

ஆசிரியர்களே, பாடப்புத்தகத்தில் உள்ள க்யூ.ஆர். கோடு வீடியோவை முதல் நாளே நீங்கள் பார்த்து, இறக்கி வையுங்கள். வகுப்பில் நெட்டோடு மல்லுக்கட்டாதீர்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். இரண்டாம் தடவை சத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். புத்தகத்தில் உள்ள பத்தியை வாசித்துப் பிள்ளைகளே வர்ணனை சொல்லட்டும். அதைப் பதிவு செய்து போட்டுக் காட்டினால் தங்கள் குரலைக் கேட்டு முதலில் சிரிப்பார்கள், அப்புறம் தாங்களே திருத்துவார்கள். பள்ளிக்குப் பக்கத்து வாய்க்கால் மதகைப் படம் எடுத்துத் திரையில் போடுங்கள். ஊர்ச்சொல் ஒரு பக்கம், புத்தகச்சொல் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்.

தயவுசெய்து இணைப்பை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு வீட்டுப்பாடம் முடிந்தது என்று இருக்காதீர்கள். அந்தப் போன் அப்பாவின் சட்டைப்பையில், நடவு வயலில் இருக்கிறது.

அன்று டேப்லெட்டில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து, அந்தப் பெண்ணின் மாமா வாழைத்தோப்பிலிருந்து விரலால் சுருக்கிக்கொண்டே வந்தோம். தஞ்சாவூர், திருச்சி, மேட்டூர், மைசூர், குடகு.

"அப்ப மைசூர்ல பெய்யுற மழையும் நம்ம படுகையிலதான் பெய்யுதா டீச்சர்?"

புத்தகத்தை எடு, அந்தப் பத்தியை இப்போ வாசி என்றேன்.