துணையில்லாத தமனி

பெருங்குடல் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பேத்தாலஜி ரிப்போர்ட் வந்ததும் வீட்டில் எல்லோரும் தேடுவது ஸ்டேஜ் எத்தனை என்பதைத்தான். அதே தாளில் கொஞ்சம் கீழே இன்னொரு வரி இருக்கும்: ரத்தநாளத்துக்குள்ளோ நிணநீர் நாளத்துக்குள்ளோ கட்டி புகுந்திருக்கிறதா, இல்லையா. ஸ்டேஜுக்கு அடுத்தபடியாக டாக்டரிடம் கேட்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

குடலின் உட்படலத்தில் தொடங்கும் கட்டி, சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வளர்கிறது. வழியில் தமனி குறுக்கிட்டால் அதற்குள் எளிதில் புகமுடிவதில்லை. சுவர் தடிமன், உள்ளே அழுத்தமும் அதிகம். சிரையின் சுவர் மெலிது. நிணநீர் நாளத்தின் சுவர் அதைவிட மெலிது. நிணநீர் வழியே போகும் செல்கள் பக்கத்து நிணநீர்க் கணுக்களில் தங்குகின்றன. குறைந்தது 12 கணுக்களையாவது எடுத்துச் சோதிக்கச் சொல்வது அதற்காகத்தான். சிரைக்குள் புகுந்தவற்றின் பாதை வேறு. பெருங்குடலின் சிரைகள் போர்ட்டல் சிரையில் சேர்ந்து நேரே கல்லீரலுக்குப் போகின்றன. இந்தப் புற்றுநோய் தொலைவில் பரவினால் பெரும்பாலும் கல்லீரலில் முதலில் தலைகாட்டுவது அதனால்தான். மலக்குடலின் கீழ்ப்பகுதியில் மட்டும் ரத்தத்தில் ஒரு பங்கு கல்லீரலைத் தொடாமல் இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய்விடும்.

சரி, நாளத்துக்குள் புகுந்தாலே பரவிவிட்டது என்று பொருளா? இல்லை. ரத்தத்தில் கலக்கும் புற்றுசெல்களில் மிகப் பெரும்பாலானவை வழியிலேயே செத்துப்போகின்றன. ஆனால் சிரைக்குள் ஒரு கட்டி உட்கார்ந்துகொண்டு விடாமல் செல்களை அனுப்பிக்கொண்டிருந்தால், எங்கோ ஒன்று பிழைத்து வேர்விடும் வாய்ப்பு கூடுகிறது. எந்தச் சிரை என்பதும் முக்கியம். லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் 703 மலக்குடல் கட்டிகளைச் சோதித்த ஆய்வு 1980-ல் வெளியானது. பாதிக்கும் மேலானவற்றில் சிரைக்குள் கட்டி இருந்தது. குடல் சுவருக்கு வெளியே, கொழுப்புக்குள் ஓடும் சிரைகளில் அது புகுந்திருந்தவர்களிடம்தான் கல்லீரல் பரவல் அதிகமாகவும் ஐந்தாண்டு பிழைப்பு குறைவாகவும் இருந்தது.

சிக்கல் என்னவென்றால், இது கண்ணில் படாமல் போய்விடும். சிரையை அடைத்து வளரும் கட்டி அதன் சுவரையே தின்றுவிடுகிறது. மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதற்காகத் திசுவுக்குப் போடும் வழக்கமான இளஞ்சிவப்பு-ஊதாச் சாயத்தில் அது வெறும் கட்டித் துண்டாகத்தான் தெரியும். அங்கே துப்புக் கொடுப்பது தமனி. தமனியும் சிரையும் ஜோடியாக ஓடுபவை. ஒரு தமனி தனியாக நிற்கிறது, பக்கத்தில் சிரை இருக்கவேண்டிய இடத்தில் உருண்டையாக ஒரு கட்டித் திரள் இருக்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டும். நோயியல் நிபுணர்கள் இதை 'அநாதைத் தமனி' என்கிறார்கள். உடனே நாளச் சுவரில் இருக்கும் எலாஸ்டின் என்ற மீள்தன்மையுள்ள நார்களை மட்டும் கறுப்பாகக் காட்டும் சாயத்தைப் போட்டுப் பார்த்தால், திரளைச் சுற்றிச் சிதைந்த வளையம் தெரியும்: அது சிரைதான். இந்தச் சாயத்தைப் பயன்படுத்தினால் இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பிடிபடுகிறது. ஆகவே 'காணப்படவில்லை' என்ற வரிக்கு எவ்வளவு மதிப்பு என்பது, எப்படித் தேடினார்கள் என்பதைப் பொறுத்தது.

இதனால் சிகிச்சை எங்கே மாறுகிறது? முக்கியமாக இரண்டாம் ஸ்டேஜில். கணுக்களில் புற்று இல்லை, அறுவையோடு விட்டுவிடலாமா, கீமோவும் வேண்டுமா என்ற இழுபறியில் நாள ஊடுருவல் இருந்தால் தராசு கீமோ பக்கம் சாயும். எண்டோஸ்கோப்பியில் அகற்றிய பாலிப்பில் (குடலின் உட்படலத்திலிருந்து துருத்தி வளரும் சதை) தொடக்கநிலைப் புற்று இருந்து, அது நாளத்துக்குள்ளும் தென்பட்டால், குடலின் அந்தப் பகுதியையே எடுத்துவிடலாமா என்று பேச்சு எழும். மலக்குடல் கட்டியில் அறுவைக்கு முன்பே எம்ஆர்ஐ ஸ்கேனில், கறுப்புக் கோடாகத் தெரியவேண்டிய சிரை புடைத்துச் சாம்பல் நிறமாகத் தெரிவதைப் பார்த்து, கதிர்வீச்சும் கீமோவும் முதலில் கொடுக்க முடிவெடுக்கிறார்கள்.