கருவளமா, மகப்பேறா? ‘ஃபெர்ட்டிலிட்டி’ என்ற சொல்லுக்குச் சரியான தமிழ்

இலங்கையில் பிறப்புகள் குறைந்து வருகின்றன. 2019 இல் பதிவான பிறப்புகள் 3 இலட்சத்துக்கு மேல். 2023 இல் அந்தத் தொகை 2.5 இலட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. இதைத் தமிழில் எழுதும்போது “கருவள வீதம் வீழ்ச்சி” என்று தலைப்பிடுகிறோம். சில வேளைகளில் “பெண்களின் கருவளம் குறைகிறது” என்றும் எழுதிவிடுகிறோம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அதை வாசிக்கிற ஒருவருக்கு உடனே என்ன தோன்றும்? பெண்களின் உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றும். சாப்பாட்டில் கலந்த இரசாயனமா, மருந்தா, பிந்திய கலியாணமா என்று காரணம் தேடத் தொடங்குவார்.

ஆனால் அந்த எண் உடம்பை அளக்கவில்லை. பெண்களுக்கு உண்மையில் பிறந்த பிள்ளைகளை மட்டுமே எண்ணுகிறது. பெறும் ஆற்றல் வேறு, பெற்ற கணக்கு வேறு. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்ததால் வந்த குழப்பத்தைத்தான் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் மூலச் சொல். இலத்தீனில் ‘ஃபெர்ரே’ என்றால் சுமத்தல், தாங்குதல், விளைவித்தல். அதிலிருந்து வந்த ‘ஃபெர்ட்டிலிஸ்’ நன்றாக விளையும் நிலத்துக்கும் காய்க்கும் மரத்துக்கும் சொல்லப்பட்டது. அந்தச் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘ஃபெர்ட்டிலிட்டி’ ஆனது. உரத்துக்குச் சொல்லும் ‘ஃபெர்ட்டிலைசர்’ என்பதும் அதே வேரில் முளைத்ததுதான். ஆகவே பேச்சு ஆங்கிலத்திலும் மருத்துவ ஆங்கிலத்திலும் இந்தச் சொல் பெரும்பாலும் ஆற்றலையே குறிக்கிறது. கொழும்பில் பிள்ளையில்லாத தம்பதிகள் போகும் சிகிச்சை நிலையங்களின் பெயர்ப்பலகைகளில் இருப்பதும் அந்தப் பொருளே.

பிறப்பு, இறப்பு, குடிப்பெயர்வு ஆகியவற்றை ஆராயும் குடித்தொகையியலாளர் வேறு வழியில் போனார்கள். ஆற்றலுக்கு ‘ஃபிகண்டிட்டி’ என்ற சொல்லை ஒதுக்கிவிட்டு, நடந்த பிறப்புகளுக்கு ‘ஃபெர்ட்டிலிட்டி’ என்பதை வைத்துக்கொண்டார்கள். இந்தப் பிரிவு எவ்வளவு வழுக்கலானது என்பதைப் பிரெஞ்சு மொழி காட்டும். அங்கே இது தலைகீழ்: ‘ஃபெகொன்டிட்டே’ என்பது நடந்த பிறப்பு, ‘ஃபெர்ட்டிலிட்டே’ என்பது ஆற்றல். ஒரே வேர்ச்சொற்களை வைத்திருக்கும் இரண்டு மொழிகளே எதிரெதிராகப் போயிருக்கும்போது, தமிழில் மொழிபெயர்ப்பவர் இடறியதில் வியப்பில்லை.

தமிழில் என்ன நடந்தது? கரு என்பது வயிற்றில் தங்குவது. வளம் என்பது ஒன்றில் நிறைந்திருக்கும் செழிப்பு. மண்வளம், நீர்வளம், கடல்வளம் என்கிறோம். வளம் இருந்தாலும் விளைச்சல் இல்லாமற் போகலாம். கிளிநொச்சி மண்ணில் வளம் உண்டு. அதை விதைக்காமல் விட்டால் நெல் வராது. ஆகவே ‘கருவளம்’ என்ற கூட்டுச்சொல் பிறக்கும்போதே ஆற்றலைக் குறிக்கும் சொல்லாகத்தான் பிறந்தது. அதை மருத்துவர் பயன்படுத்தினால் மிகச் சரி. பிறப்புக் கணக்குக்கு வைத்தால் பொருள் பிசகிவிடும். இலங்கையின் பாடநூல்களிலும் அரச ஆவணங்களிலும் ‘மொத்தக் கருவள வீதம்’ என்பது நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டில் ‘கருவுறுதல் விகிதம்’, ‘கருத்தரிப்பு விகிதம்’ என்கிறார்கள். அவை இன்னும் தூரம் விலகியவை. கருவுற்ற எல்லாமே இந்தக் கணக்கில் வராது. கலைந்த கரு வராது. இறந்து பிறந்த பிள்ளை வராது. உயிரோடு பிறந்த பிள்ளை மட்டுமே வரும்.

சொல் பிசகினால் என்ன, எண் சரியாக இருக்கிறதே என்று கேட்கலாம். ‘மலடி’ என்ற சொல்லால் எத்தனை பெண்கள் வீட்டு விசேஷங்களில் ஒதுக்கப்பட்டிருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். ‘கருவளம் குறைகிறது’ என்ற வாக்கியம் அந்தப் பழைய பழியை இப்போது முழுத் தலைமுறைப் பெண்கள் மீதும் போடுகிறது. ஆணைப் பற்றி அதில் ஒரு எழுத்தும் இல்லை. வேலை, வாடகை, பள்ளிக்கூடம், லீவு எதுவும் இல்லை. ஆனால் பொருளியலாளர்கள் அறுபது வருடமாகத் தேடிக் கண்ட காரணங்கள் அங்கேதான் இருக்கின்றன.

இந்த இடத்தில் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் என்ற அமெரிக்கப் பொருளியலாளரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நமது சொற்குழப்பத்தை அவருடைய சட்டகம் அழகாக அவிழ்த்துவிடுகிறது. 1975 இல் அவர் முன்வைத்த கருத்தை, உயர்தரத்தில் பொருளியல் படித்த இலங்கைப் பிள்ளைகளுக்குப் பழகிய சொற்களிலேயே சொல்லலாம்: கேள்வி (டிமாண்ட்), நிரம்பல் (சப்ளை). ஒரு தம்பதி கருத்தரிப்பைத் தடுக்காமல் விட்டால் அவர்களுக்குப் பிறந்து உயிர்தப்பி வாழும் பிள்ளைகளின் தொகை நிரம்பல். தடுப்பதற்குச் செலவே இல்லையென்றால் அவர்கள் விரும்பும் பிள்ளைகளின் தொகை கேள்வி. மூன்றாவதாக, தடுப்பதற்கான செலவு. அதில் பணம் மட்டுமில்லை; பயம், வெட்கம், மாமியாரின் முகம் எல்லாம் சேரும். இந்த மூன்றும் மோதித்தான் கடைசியில் எத்தனை பிள்ளைகள் என்பது தீர்மானமாகிறது. கருவளம் இதில் நிரம்பலுக்குள் அடங்கும் ஒரு பகுதி மட்டுமே. பிள்ளைச் சாவு குறைந்தாலும் நிரம்பல் கூடும். உடம்பில் ஒரு மாற்றமும் தேவையில்லை.

ஈஸ்டர்லினும் அவருடைய சக ஆய்வாளர் ஐலீன் கிரிமின்ஸும் 1985 இல் இந்தச் சட்டகத்தைத் தரவுகளில் வைத்துச் சோதித்தபோது எடுத்துக்கொண்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று. 1975 இல் இங்கே நடந்த உலக மகப்பேற்று ஆய்வின் (வேர்ல்ட் ஃபெர்ட்டிலிட்டி சர்வே) தரவுகள் அதற்கு உதவின. நம்மைப் பற்றிய ஆராய்ச்சி அந்த அளவுக்குப் போயிருக்கிறது. தமிழில் அதைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை.

ஈஸ்டர்லினுக்கு முன்பே, 1960 இல், கேரி பெக்கர் என்ற இன்னொரு அமெரிக்கப் பொருளியலாளர் பிள்ளை பெறுவதைக் குடும்பத்தின் பொருளாதாரத் தெரிவாக எழுதியிருந்தார். பிள்ளைகளை வீட்டுச் சாமான்களோடு வைத்துப் பேசியதற்காக அவர் வாங்கிய கண்டனம் கொஞ்சமில்லை. அந்தக் கண்டனத்தில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனாலும் அவர் தொட்ட ஓர் உண்மை கொழும்பில் குடும்பம் நடத்தும் எவருக்கும் புரியும். பெற்றோர் எத்தனை பிள்ளை என்பதை மட்டுமல்ல, ஒவ்வொரு பிள்ளைக்கும் எவ்வளவு செய்ய முடியும் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறார்கள். ஒன்று கூடினால் மற்றது இறுகும். மொண்டிசூரிக் காசு, ஸ்கூல் வான், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கு ரியூஷன், அதற்குமேல் சாதாரண தரத்துக்கு ரியூஷன், இரண்டு அறை வீட்டுக்கு வாடகை. இரண்டாவது பிள்ளையைப் பற்றிப் பேசும் புருஷனும் மனைவியும் இதைத்தான் பேசுகிறார்கள். 1945 முதல் நமக்கு இலவசக் கல்வி உண்டு. இருந்தும் பள்ளிக்கு வெளியே வாங்கவேண்டிய கல்வி ஒவ்வொரு பிள்ளையின் விலையையும் ஏற்றிவிட்டது.

இலங்கையின் கதையில் இன்னொரு பெரிய காரணம் திருமண வயது. 1901 இல் பெண்களின் சராசரித் திருமண வயது 18ஐ ஒட்டியிருந்தது. 1981 இல் அது 24ஐத் தாண்டிவிட்டது. பெண்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், சீதனத்துக்காகக் காத்தும் இருந்தார்கள். 1950களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்கு 5 பிள்ளைக்கு மேல் என்றிருந்த கணக்கு 1987 ஆய்வில் 2.8 ஆனது. இதில் கருவளம் குறைந்தது எங்கே? குறைந்தது மகப்பேறு.

‘மொத்தக் கருவள வீதம்’ என்று சொல்லப்படும் அந்த எண்ணை எப்படிக் கட்டுகிறார்கள் என்பதையும் பார்த்துவிடலாம். ஒரு குறிப்பிட்ட காலத்தில், 15 முதல் 49 வயது வரையான பெண்களை ஐந்தைந்து வயதாக ஏழு கூட்டமாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு பெண்ணுக்கு வருடத்தில் எத்தனை பிறப்பு என்று பார்த்து, ஏழையும் கூட்டி ஐந்தால் பெருக்குகிறார்கள். இன்றைய நிலையிலேயே ஒரு பெண் தன் ஆயுளைக் கடந்தால் அவளுக்குப் பிறக்கக்கூடிய பிள்ளைகளின் தொகை அது. உண்மையில் அப்படி ஒரு பெண் எங்கும் இல்லை. எல்லோரும் பிள்ளை பெறுவதை இரண்டு வருடம் தள்ளிப் போட்டாலே, கடைசியில் பெறும் தொகை குறையாவிட்டாலும், அந்த வருடங்களின் எண் சரிந்துவிடும். குடித்தொகையியலாளர்களான பொங்கார்ட்ஸும் ஃபீனியும் 1998 இல் இதற்கென்றே ஒரு திருத்தக் கணக்கை முன்வைத்தார்கள். 2022 நெருக்கடிக்குப் பிந்திய நமது வீழ்ச்சியிலும் தள்ளிப்போட்டது எவ்வளவு, கைவிட்டது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் அலறுவது சரியல்ல.

வடக்கு, கிழக்குத் தமிழர் இன்னொன்றையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். போர்க்கால ஆய்வுகளில் வடக்கு இடம்பெறவில்லை. சிலவற்றில் கிழக்கும் இல்லை. நாடு முழுவதையும் உள்ளடக்கிய முதல் குடித்தொகை, சுகாதார ஆய்வு 2016 இல்தான் நடந்தது. அதில் வந்த எண் 2.2. பழைய எண்களை அதோடு அப்படியே ஒப்பிட்டுப் ‘போரின் பின் கூடியது’ என்றோ ‘குறைந்தது’ என்றோ சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இனி, ‘வீதம்’. கால அளவில் நடப்பதை அளப்பது வீதம், இரண்டு தொகைகளை ஒப்பிடுவது விகிதம். ஆண், பெண் தொகையை ஒப்பிடுவது பால் விகிதம். இந்த வேறுபாட்டை இலங்கைத் தமிழ் காப்பாற்றி வைத்திருக்கிறது, விட்டுவிடக் கூடாது. ஒரே சிக்கல், நூற்றுவீதத்தையும் நாம் ‘வீதம்’ என்று சுருக்குகிறோம். அதனால் “2.2 வீதம்” என்று எழுதினால் நூற்றுக்கு 2.2 என்று வாசித்துவிடுவார்கள். “ஒரு பெண்ணுக்கு 2.2 பிள்ளைகள்” என்று எழுதிவிட்டால் குழப்பமே வராது.

சரி, எந்தச் சொல்? நான் ‘மகப்பேறு’ என்பேன். பெறு என்ற வினையில் பேறு. மகவைப் பெறுவது மகப்பேறு. கிடைத்த பிறகு சொல்வதுதான் பேறு. ஆற்றலை அது குறிக்காது. வள்ளுவர் அதிகாரத் தலைப்பும் மக்கட்பேறு. பேச்சில் பிள்ளைப்பேறு இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆகவே மொத்த மகப்பேற்று வீதம் என்போம். ஆற்றலைச் சொல்ல வேண்டிய இடத்தில் கருவளம் இருக்கட்டும், அது அதற்கே பிறந்த சொல். ஆயிரம் பேருக்கு எத்தனை பிறப்பு என்ற பருமட்டான பிறப்பு வீதம் இன்னொரு கணக்கு. அதை இதோடு கலக்கக் கூடாது.

ஒரு தடை சொல்வார்கள்: மகப்பேறு என்றால் ஆஸ்பத்திரியும் பிரசவ லீவும்தானே நினைவுக்கு வரும்? வரட்டும். 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் சட்டத்தின்படி, இரண்டு பிள்ளைகள் உள்ள தாய்க்கு அடுத்த பிரசவத்துக்கு 42 நாள் லீவே கிடைத்து வந்தது. 2018 திருத்தத்தின் பின் எந்தப் பிள்ளையானாலும் 84 நாள். அரச வேலையிலுள்ள தகப்பனுக்கு 3 நாள். தனியார் வேலையிலுள்ளவருக்குச் சட்டம் எதையும் உறுதி செய்யவில்லை. பொருளியலாளர் மத்தியாஸ் டெப்கேயும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2022 இல் காட்டியது இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. பணக்கார நாடுகளில் ஒரு காலத்தில் பெண்கள் கூடுதலாக வேலைக்குப் போன இடங்களில் பிள்ளைகள் குறைவாக இருந்தார்கள். இப்போது அந்த உறவு மங்கி, சில இடங்களில் மாறியும்விட்டது. தகப்பன் பிள்ளை பார்ப்பது, டே கெயார் கிடைப்பது, வேலையும் தாய்மையும் ஒத்துப்போவது, இவையே வித்தியாசத்தை உண்டாக்குகின்றன. மகப்பேறு என்று எழுதினால் வாசகரின் மனம் லீவுக்கும் டே கெயாருக்கும் போகும். கருவளம் என்று எழுதினால் ஸ்கேன் அறைக்குப் போகும். ஆய்வு எங்கே போகிறதோ அங்கேயே வாசகரையும் கூட்டிப் போகும் சொல்லைத்தான் நான் எடுப்பேன்.